கடைசி வரியைத் தின்ன பெலிகன்

"கடைசி வரி எங்க?"

பெல்சி இந்த மூணு வார்த்தையைக் கேட்டப்போ, பக்கத்து வீட்டு சேவுகப்பெருமாள் அண்ணன் வாயில மூணாவது ஜாங்கிரி பாதி உள்ளயும் பாதி வெளியயுமா இருந்துச்சு. அருள் பிரகாஷ் கையில சுத்தியல். செவுத்துல மாதா படத்துக்குப் பக்கத்துலயே புதுசா ஒரு ஆணி, ஆணியில தங்கக் கலர் ஃபிரேம், ஃபிரேமுக்குள்ள ஒரே ஒரு ஏ-ஃபோர் தாள். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்த சட்டையக்கூட மாத்தாம மாட்டுனது.

"எந்தக் கடைசி வரி?"ன்னான் அருள் பிரகாஷ், சிரிப்பு குறையாம.

"இந்தத் தாள்லதான். 'உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது'ன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. சரி. அதுக்குக் கீழ 'காரணம்'னு போட்டு ரெண்டு புள்ளி வச்சிருக்கான். காரணம் எங்க?"

அருள் பிரகாஷ் தாளைப் பாத்தான். ரெண்டு புள்ளி இருந்துச்சு. அதுக்கு அங்குட்டு ஃபிரேம்தான் இருந்துச்சு.

சேவுகப்பெருமாள் அண்ணன் ஜாங்கிரிய மெல்லுறத நிப்பாட்டுனாரு. ஏதோ நடக்கப் போகுதுன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. மோட்டார் கடைக்காரரு. சத்தம் மாறுனாலே மோட்டாருக்குள்ள சுத்தியிருக்குற காயில் கம்பி எரியப் போகுதுன்னு கண்டுபிடிச்சிருவாரு.

இந்த ஆணி அடிக்கிற வரைக்கும் விஷயம் எப்படி வந்துச்சுன்னு சொல்லணும்னா அஞ்சு நாள் பின்னாடி போகணும். ஒழுங்காச் சொல்லணும்னா பதினாறு வருஷம் பின்னாடி போகணும்.

மொதல்ல பதினாறு வருஷம்.

ரெண்டாயிரத்து ஒம்பது. செக்காலை ரோட்டுல, மாடியில, ஆறு கம்ப்யூட்டரும் நாலு நல்ல நாற்காலியும் உள்ள ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு இருபது ரூவா. அங்க அருள் பிரகாஷ்தான் எல்லாம். கம்ப்யூட்டருக்கு உசுரு குடுக்குறதும் அவன், ஃபேனுக்கு உதை குடுக்குறதும் அவன். ஆறு கம்ப்யூட்டர்லயும் அவன் ஏத்தி வச்சிருந்த பிரவுசர் பேரு பெலிகன். ஓசி. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், யாரு வேணும்னாலும் பிரிச்சுப் பாக்கலாம், உலகம் பூரா ஆளுங்க சும்மா ஆசைக்கு உக்காந்து எழுதுனது. "காசு வாங்காம ஒருத்தன் ஒரு வேலையச் செய்றான்னா அவன் மனசு எப்படிப்பட்டதா இருக்கும்!"னு அருள் பிரகாஷ் கண்ணு கலங்குவான். அவனுக்கும் அப்ப மூணு மாசச் சம்பளம் வரல, அது வேற கதை.

ஒரு நாள் மத்தியானம் ஒரு பொண்ணு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்துச்சு. வாத்தியார் வேலைக்கான பரீட்சை. பிரிண்ட் வந்துச்சு. பேரு பெல்சி, வந்துருச்சு. போட்டோ, வந்துருச்சு. பரீட்சை எழுதுற இடம்னு கடைசியில ஒரு வரி இருக்கணும். அது மட்டும் வரல.

"இடத்தக் காணோமே?"

"இருங்க, இன்னொண்ணு எடுக்குறேன்."

இன்னொண்ணுலயும் காணோம். மூணாவதுலயும் காணோம். பெலிகனுக்கு அப்படி ஒரு வியாதி. எந்தப் பக்கத்த பிரிண்ட் போட்டாலும் கடைசி வரிய மட்டும் முழுங்கிரும்.

"இப்ப நான் சிவகங்கையில பஸ்ஸ விட்டு எறங்கி எங்குட்டுப் போறது?"

அருள் பிரகாஷ் ஊதாப் பேனாவ எடுத்தான். ஸ்கிரீன்ல இருந்த கடைசி வரியப் பாத்து, தாள்ல கையால எழுதுனான். அச்சு மாதிரி எழுதுனான். எழுதி முடிச்சு நிமிந்து பாத்தான். அதோட அவன் கதை முடிஞ்சுபோச்சு.

அன்னைக்கி சாயங்காலமே பெலிகனோட பக் டிராக்கர்ல போயி ஒரு புகார் போட்டான். பக் டிராக்கர்னா ஒண்ணுமில்ல, பெலிகன் எழுதுறவுக வீட்டு வாசல்ல தொங்குற குறைதீர்ப்புப் பொட்டி. உலகத்துல யாரு வேணும்னாலும் அதுல குறை எழுதிப் போடலாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுப்பாக. அதே குறை உள்ள வேற ஆளுங்க அதுக்குக் கீழ வந்து 'எனக்கும்தான்'னு எழுதலாம். அருள் பிரகாஷுக்குக் கெடச்ச நம்பர் நாலாயிரத்து நானூத்திப் பதினேழு. 'பிரிண்ட் எடுத்தால் கடைசி வரி வருவதில்லை.'

பொண்ணு மறுபடி வந்துச்சு. மார்க் ஷீட், விண்ணப்பம், வேலைவாய்ப்பு அறிவிப்புன்னு வாரத்துக்கு ரெண்டு பிரிண்ட். ஒவ்வொண்ணுலயும் கடைசி வரி இருக்காது. ஒவ்வொண்ணுலயும் அருள் பிரகாஷ் ஊதாப் பேனாவுல எழுதிக் குடுப்பான். எட்டாவதோ ஒம்பதாவதோ பிரிண்ட்ல, ஸ்கிரீன்ல இல்லாத ஒரு வரிய எழுதிக் குடுத்தான்.

'நாளைக்கும் வருவீகளா?'

வந்துச்சு.

இப்பப் புரியுதா, நாலாயிரத்து நானூத்திப் பதினேழு அருள் பிரகாஷுக்கு யாருன்னு? கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன் கணக்கா அதுதான் நின்னுச்சு. அவுக மக ஜெனிக்கு ஒம்பது வயசு, இந்தப் புகாருக்குப் பதினாறு வயசு. வீட்டுக்கு மூத்த பிள்ளை அதுதான்னு அவனே சொல்லுவான். பிரவுசிங் சென்டர மூடுனப்போ ஆறு கம்ப்யூட்டர்ல ஒண்ண சம்பள பாக்கிக்குப் பதிலாத் தூக்கிட்டு வந்து முன்னறையில ஜன்னலோரமா வச்சான். அதுல இன்னைக்கும் பெலிகன் ஓடுது. ஓடுதுன்னா, நடக்குது. கைத்தாங்கலா நடக்குது.

இப்ப அஞ்சு நாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பெல்சி பைய வச்சிட்டு அந்த ஜன்னலோரத்தப் பாத்தா. வீட்டுல காத்து வர்ற ஒரே மூலை.

"என்னங்க, ஒம்பதாம் வகுப்பு பேப்பர் நூத்திப் பத்து கெடக்கு. அடுப்படியில உக்காந்து திருத்துறேன். வேர்வை விழுந்து அஞ்சு மார்க் ஆறு மார்க்கா மாறிப்போகுது. அந்தக் கம்ப்யூட்டர எடுத்துட்டு எனக்கு ஒரு மேசை போடணும்."

"எடுத்துட்டா?"

"மார்க் ஏத்துற பக்கம்கூட அதுல தொறக்க மாட்டேங்குது. ஸ்கூல் லேப்டாப்ல டர்போனான்னு புது பிரவுசர் போட்டுக் குடுத்திருக்காக. டக்குனு தொறக்குது."

அருள் பிரகாஷுக்குச் சுர்ருன்னுச்சு. "டர்போனா! 'மூணு மடங்கு வேகம்'னு விளம்பரம் போட்டிருக்கானே, அதுவா? யார விட மூணு மடங்கு? எந்த மெஷின்ல? எத்தனை டேப் தொறந்து வச்சு? அவன் ஏசி ரூம்ல, நேத்து வாங்குன மெஷின்ல, ஒத்த டேப்பத் தொறந்து வச்சு ஓட்டியிருப்பான். நீ அறுபத்து மூணு டேப் தொறந்து வச்சிருக்க. அதுல நாப்பது குழம்பு வைக்கிறது எப்படிங்கறது."

"குழம்பப் பத்தி இப்ப என்ன பேச்சு?"

"இரு, அவன் வண்டவாளத்த பிரிண்ட் எடுத்துக் காட்டுறேன்."

எடுத்தான். டர்போனா விளம்பரப் பக்கத்தப் பெலிகன்லயே பிரிண்ட் போட்டு, செவப்புப் பேனாவால சுழிச்சான்.

"பாரு, 'மூணு மடங்கு'க்குப் பக்கத்துல பொடிசா ஒரு நட்சத்திரம். நட்சத்திரம் போட்டான்னாலே ஏமாத்துன்னு அர்த்தம். எந்தச் சோதனையில மூணு மடங்குங்கற உண்மை பக்கத்துக்கு அடியில கடைசி வரியிலதான் இருக்கும்..."

தாளோட அடியப் பாத்தான். பாத்துட்டு மெதுவா மடிச்சுச் சட்டைப் பையில வச்சான்.

"என்ன, கடைசி வரியக் காணோமா?"ன்னா பெல்சி.

"அது வேற பிரச்சினை."

புதன்கிழமை நேருக்கு நேர் ஓட்டப் பந்தயம்னு முடிவாச்சு. நடுவர் சேவுகப்பெருமாள் அண்ணன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அதனாலயே நியாயமா இருப்பாருன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாக.

"வேகம்னு பொட்டியில எழுதுறதெல்லாம் எழுதத்தான் செய்வான் தம்பி,"ன்னாரு வந்ததுமே. "மோட்டார் பொட்டியில ஒன்றரை எச்.பி.ன்னு போட்டிருக்கும். கெணத்துல எறக்குனாத்தான அது முக்காலா முழுசான்னு தெரியும்? நம்ம கெணத்துல எறக்கிப் பாத்துருவோம்."

"இதத்தாண்ணே நானும் சொல்றேன்! நம்ம கெணறு!"ன்னான் அருள் பிரகாஷ்.

அவன் என்ன பண்ணியிருந்தான்னா, காலையிலேயே பங்குக் கோவில் பூசை நேரம் போட்ட பக்கத்தப் பெலிகன்ல ஆறு தடவை தொறந்து மூடி வச்சிருந்தான். ஒரு தடவை பாத்த பக்கத்த பிரவுசர் ஒளிச்சு வச்சிக்கும். அடுத்த தடவை கேட்டா ஊருக்குப் போயி எடுத்துட்டு வராது, உள்ள இருந்தே எடுத்து நீட்டிரும். இப்பத்தான் சமைச்ச மாதிரி முந்துன நாள் குழம்பச் சுட வச்சுப் பரிமாறுற வேலை.

"ரெடி... தட்டு!"

பெலிகன் ரெண்டு செகண்டு. டர்போனா மூணு செகண்டு.

அருள் பிரகாஷ் நாற்காலியில இருந்து எந்திரிச்சே ஆடுனான். "எங்கடா மூணு மடங்கு! எங்கடா!"

"ஆடி முடிச்சிட்டீகளா?"ன்னா பெல்சி. "இப்ப நான் சொல்ற பக்கம். மார்க் ஏத்துற பக்கம்."

"ரெடி... தட்டு!"

டர்போனா ஆறு செகண்டு. பெலிகன் வெள்ளையா நின்னுச்சு. நின்னுச்சு. சேவுகப்பெருமாள் அண்ணன், "இந்தா வந்துர்றேன், தொட்டி நெறஞ்சிருக்கும்,"னு வீட்டுக்குப் போயி மோட்டார நிப்பாட்டிட்டு, ஒரு வாய் காப்பியும் குடிச்சிட்டு வந்தாரு. அப்பவும் நின்னுச்சு. கடைசியில ஒரு பொட்டி வந்துச்சு: 'உங்கள் பிரவுசர் மிகவும் பழையது.'

"ஒண்ணுக்கு ஒண்ணு. மேட்ச் டிரா,"ன்னான் அருள் பிரகாஷ்.

"மூணு மடங்குங்கறத நானும் நம்பல," பெல்சி லேப்டாப்ப மூடுனா. "ஒன்னேகால் மடங்கு இருந்தாப் பெருசு. ஆனா எனக்கு வேலை நடக்குதுல்ல? உங்க பெலிகன் செத்து நாளாச்சு. நீங்கதான் பக்கத்துல உக்காந்து விசிறிட்டு இருக்கீக."

செத்துருச்சுன்னு சொன்னதுதான் தப்பு. எந்த மனுசன் தாங்குவான்?

"செத்துருச்சா? இங்குட்டு வா. இதப் பாரு."

பக் டிராக்கரத் தொறந்தான். பெலிகன் டிராக்கர்ல ஒரு வாரத்துக்கு எத்தனை மாத்தம் நடக்குதுன்னு அவன் நோட்டுல வரஞ்சு வச்சிருந்தான். ரெண்டு வருஷமா கோடு தரையில ஊந்துக்கிட்டுக் கெடந்துச்சு. போன வாரத்துல இருந்து ஜிவ்வுன்னு மேல.

"அறுநூத்திப் பன்னெண்டு! ஒரே வாரத்துல அறுநூத்திப் பன்னெண்டு புகார்ல கை வச்சிருக்காக! இது சாகுற வீடா? கல்யாண வீடு! பெருசா ஏதோ வரப் போகுது. பெலிகன் முழிச்சிருச்சு!"

பெல்சி அந்தக் கோட்டக் கொஞ்ச நேரம் பாத்தா.

"வீட்டக் காலி பண்ணும்போதுந்தாங்க சாமான் ரொம்ப அசையும்."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"சரி, பந்தயம். ஞாயித்துக்கிழமைக்குள்ள பெலிகன் உசுரோட இருக்குன்னு காட்டுங்க. கம்ப்யூட்டர் அங்கேயே இருக்கட்டும், நான் வாயே தொறக்கல. காட்ட முடியலன்னா மூலை எனக்கு. நடுவரே, கேட்டுக்கிட்டீகளா?"

"கேட்டுக்கிட்டேன் டீச்சர்,"னாரு சேவுகப்பெருமாள் அண்ணன்.

அருள் பிரகாஷ் தைரியமா ஒத்துக்கிட்டான். அவனுக்கு அந்தத் தைரியம் வந்தது கோட்டப் பாத்து மட்டும் இல்ல. பின்லாந்துக்காரர நெனச்சு.

நாலாயிரத்து நானூத்திப் பதினேழுக்குக் கீழ இதுவரைக்கும் இருபத்தேழு கமெண்ட் இருக்கு. பதினாலு அருள் பிரகாஷே போட்டது. ரெண்டு, பெலிகன்காரவுக 'பார்த்துவிட்டுச் சொல்கிறோம்'னு போட்டது. மிச்சம் பதினொண்ணும் ஒரே ஆளு. பேரு பைன்ட்ரீ. ஊரு பின்லாந்து. கல்யாணம் ஆன மறுவருஷத்துல இருந்து, வருஷத்துக்கு ஒண்ணுன்னு வரும். ஒரே வரி. 'எனக்கும் இதே பிரச்சினை. இன்னும் சரியாகவில்லை. தயவுசெய்து கவனிக்கவும்.'

அந்த ஒரு வரிக்கு அருள் பிரகாஷ் என்ன பாடுபடுவான்னு நெனைக்கிறீக! வெள்ளைத் தாடி வச்ச ஒரு பெரியவரு, வெளிய பனி கொட்டுது, அடுப்புப் பக்கத்துல உக்காந்து பேரனுக்குக் கடுதாசி பிரிண்ட் எடுக்குறாரு, கடைசி வரியக் காணோம், கண்ணு கலங்குது. இத அவன் கண்ணால பாத்த மாதிரி சொல்லுவான். ராத்திரி குடும்ப செபத்துல, "பின்லாந்துல இருக்குற அந்தச் சகோதரருக்காகவும்,"னு சேத்துக்குவான். பெல்சி முக்காட்ட மூஞ்சி வரைக்கும் இழுத்து விட்டுட்டு, தோள் குலுங்க ஆமென் சொல்லுவா. என்ன ஒரு பக்தின்னு இவன் நெனச்சுக்குவான்.

பைன்ட்ரீ கமெண்ட் வந்த அன்னைக்கி அருள் பிரகாஷுக்கு மலையப் பேத்துப் போடுற தெம்பு வந்துரும். ஒரு வருஷம் கமெண்ட் வந்த சந்தோஷத்துல வீடு முழுக்க ஒத்த ஆளா வெள்ளையடிச்சான். கஜா புயல்ல விழுந்த முருங்கை மரத்த அரைநாள்ல வெட்டி அடுக்குனான். ஊரடங்குல மூணு மாசம் மாவாட்டுனான். அந்த வருஷம் மட்டும் பைன்ட்ரீ ரெண்டு கமெண்ட் போட்டிருந்தாரு. வீட்டுலயே அடஞ்சு கெடக்குறாரு பாவம்னு இவன் உருகிப் போனான்.

இந்த வருஷம் இன்னும் வரல. வரும்னு காத்துக்கிட்டு இருந்தான். அவன் காத்துக்கிட்டு இருந்ததால மாடித் தொட்டியும் கழுவாமக் காத்துக்கிட்டு இருந்துச்சு. பெல்சி மூணு வாரமாச் சொல்றா, இவன் மூணு வாரமா "நாளைக்கி"ங்கறான்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மெயில் வந்துச்சு.

'புகார் எண் நாலாயிரத்து நானூத்திப் பதினேழு: முடித்து வைக்கப்பட்டது.'

அருள் பிரகாஷ் மெயிலத் தொறந்தான். மொத ரெண்டு வரியப் பாத்தான். அதுக்கு மேல கண்ணு தெரியல, தண்ணி நெறஞ்சிருச்சு. பதினாறு வருஷம்! பிரிண்டர்ல தாளச் சொருகித் தட்டுனான். இந்த மாதிரி செய்தியெல்லாம் மனுசன் கையில பிடிச்சுப் படிக்கணும். தாள் வெளிய வந்து விழுந்துச்சு, கரண்டு போயிருச்சு. போன்ல படிச்சிருக்கலாமேன்னு கேப்பீக. போன்ல மெயில் பாக்குறது காப்பிய ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிற மாதிரின்னு அவன் கட்சி. தாளத் தூக்கிட்டு செக்காலை ரோட்டுல சாமி படத்துக்குக் கண்ணாடி போடுற கடைக்கு ஓடுனான்.

"எந்தச் சாமிங்க?"ன்னு கடைக்காரரு தாளத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"மூத்த பையன் பாஸாகிட்டான். தங்கக் கலர் போடுங்க."

அப்படியே ஒரு கிலோ ஜாங்கிரி.

அதுதான் ஞாயித்துக்கிழமை காலையில செவுத்துல ஏறுன ஃபிரேம். அதுதான் சேவுகப்பெருமாள் அண்ணன் வாயில இருந்த ஜாங்கிரி.

"சரி, காரணம் பிரிண்ட்ல விழல. அதனால என்ன?"ன்னான் அருள் பிரகாஷ். "முடிச்சு வச்சாச்சுன்னா சரி பண்ணியாச்சுன்னுதான அர்த்தம்?"

"சரி பண்ணியிருந்தா கடைசி வரி பிரிண்ட்ல விழுந்திருக்கணுமே?"

"சரி பண்ணது புது வெர்ஷன்லதான வரும்? நான் வச்சிருக்கறது பழசுல்ல!"

"அப்ப அந்தக் காரணத்த நான் வாசிக்கட்டா?"

பெல்சி போன எடுத்தா. டீச்சர் குரல்ல, கடைசி பெஞ்சுக்கும் கேக்குற மாதிரி, ஒரே நீட்டு வரியா ஓடுனத தமிழ்ல சொல்லிச் சொல்லி வாசிச்சா.

"காரணம்: பெலிகன் திட்டம் இந்த மாதத்தோடு நிறுத்தப்படுகிறது. பார்ப்பதற்கு ஆள் இல்லாததால், திறந்திருக்கும் எல்லாப் புகார்களும் சரிசெய்யப்படாமலே மூடப்படுகின்றன. இனி இங்கே யாரும் எழுத முடியாது. இத்தனை வருடம் உடன் இருந்ததற்கு நன்றி."

அருள் பிரகாஷ் கையில இருந்த சுத்தியலக் கீழ வச்சான்.

அறுநூத்திப் பன்னெண்டும் கல்யாண வீட்டுச் சந்தடி இல்லன்னு அருள் பிரகாஷுக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. சாமான் கட்டுன சந்தடி. அப்படியே நாற்காலியில உக்காந்தான். பதினாறு வருஷமா எந்தக் குறையச் சரி பண்ணச் சொல்லி மல்லுக்கட்டுனானோ, அந்தக் குறையே தன் சாவுச் செய்தியையும் கடைசி வரியா முழுங்கிட்டுப் போயிருக்கு.

சேவுகப்பெருமாள் அண்ணன் நாலாவது ஜாங்கிரிய எடுக்கலாமா, எழவு வீட்டுல எடுக்கக் கூடாதான்னு யோசிச்சாரு. எடுத்துக்கிட்டாரு.

"பின்லாந்துக்காரருக்கும் இந்த மெயில் போயிருக்கும்ல?"ன்னான் அருள் பிரகாஷ். "பாவம், அவரு எப்படித் தாங்குவாரு..." சொல்லிக்கிட்டே வந்தவன் நிப்பாட்டுனான். "ஆமா. இந்த மெயில் உன் போனுக்கு எப்படி வந்துச்சு?"

பெல்சி போன முந்தானைக்குள்ள ஒளிச்சா.

"இது எல்லாருக்கும் வராதே. அந்தப் புகாருக்குக் கீழ கமெண்ட் போட்டவுகளுக்கு மட்டும்தான வரும்? பெலிகன்காரவுகளத் தள்ளிட்டா, அதுல இருக்கறதே ரெண்டு பேரு. நானு. அப்புறம்..."

"அப்புறம் யாருங்க?"ன்னா பெல்சி, மெதுவா.

அருள் பிரகாஷ் கண்ணு முன்னாடி வெள்ளைத் தாடிக்காரரு அடுப்புப் பக்கத்துல இருந்து எந்திரிச்சாரு. தாடியக் கழட்டுனாரு. சேலையில நின்னாரு.

"நீயா?"

"நான்தான்."

"பின்லாந்து?"

"ஊரு கேட்டுச்சு. ஒரு பட்டியல் வந்துச்சு. கை பட்டது பின்லாந்து."

"பதினொரு கமெண்ட்டும்?"

"மொதது வெள்ளையடிக்கிறதுக்கு. ஆறு மாசமாச் சொல்லிக்கிட்டே இருந்தேன், நீங்க அசையல. சரி, இவருக்கு எது பிடிக்கும்னு யோசிச்சேன். ஒரே வரிங்க. மறுநாளே விடியக்காலையில ஏணி போட்டு நிக்கிறீக. நானே பயந்துட்டேன்."

"முருங்கை மரம்?"

"கமெண்ட்."

"மாவு?"

"ரெண்டு கமெண்ட்."

"செபத்துல தோள் குலுங்குனது?"

"அது பக்தி,"ன்னு சொல்லும்போதே பெல்சிக்குத் தோள் குலுங்குச்சு.

"நேத்தே உனக்கு இது தெரியும்ல? நான் ஜாங்கிரி வாங்கப் போகயிலயே சொல்லியிருக்கலாம்ல?"

"ஜாங்கிரி சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு."

சேவுகப்பெருமாள் அண்ணன் எந்திரிச்சாரு. "தம்பி, நடுவர் தீர்ப்புன்னு தனியாச் சொல்லணுமா?"

"வேணாம்ணே."

"அப்ப நான் வர்றேன். இந்தா, இதுல ரெண்ட மட்டும் வீட்டுக்கு எடுத்துக்குறேன்." வாசப்படி வரைக்கும் போனவரு திரும்பி, கொஞ்சம் குரல எறக்கி, "டீச்சர், இந்த பின்லாந்து விஷயம் நம்ம ஈஸ்வரிக்குத் தெரிய வேணாம்,"னு சொல்லிட்டுப் போனாரு. ஈஸ்வரி அவரு சம்சாரம்.

அருள் பிரகாஷ் வயரெல்லாம் கழட்ட ஆரம்பிச்சான். மானிட்டரத் தொடச்சான். கீபோர்டத் தட்டுனான், பதினாறு வருஷத்துப் பொரியும் கடலைத் தோலும் விழுந்துச்சு. பிரவுசிங் சென்டர்ல ஆறாம் நம்பர் சீட்டு இதுதான். பெல்சி எப்பவும் வந்து உக்காந்தது இதுலதான். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஆடாம இருக்கணும்னு பழைய டெலிபோன் புக்க மடிச்சு அடியில வச்சிருப்பான், அவ வர்ற அன்னைக்கி மட்டும்.

"பழைய இரும்புக்காரனுக்கெல்லாம் போட வேணாம்,"ன்னா பெல்சி பின்னால இருந்து. "பரண்ல ஏத்துங்க."

திரும்பிப் பாத்தான். அவ கையில ஒரு மஞ்சக் கலர் ஃபைல். பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில இருந்து எடுத்துட்டு வந்திருக்கா. தொறந்தா ஹால் டிக்கெட். மார்க் ஷீட் நகல். விண்ணப்பம். எல்லாம் பழுத்துப்போன தாளு. ஒவ்வொரு தாள்லயும் அச்சு ஒரு இடத்துல நின்னுபோயி, அதுக்குக் கீழ ஊதாப் பேனாவுல ஒரே ஒரு வரி.

"இதெல்லாம் வச்சிருக்கியா?"

"பெலிகன்காரவுக ரெண்டாம் மாசமே சரி பண்ணியிருந்தா, நீங்க எனக்கு என்னத்த எழுதியிருப்பீக? நான் வேலைக்காகத்தான் கமெண்ட் போட்டேன். இல்லங்கல. ஆனா ஒவ்வொரு தடவையும் 'இன்னும் சரியாகவில்லை'ன்னு அடிக்கயில, சரியாகாம இருந்தாத்தான் நல்லதுன்னு தோணும்."

அருள் பிரகாஷ் ஒவ்வொரு தாளாத் திருப்புனான். ஆறாம் நம்பர் சீட்டு, ஆடாத நாற்காலி, மணிக்கு இருபது ரூவா, மாடிப்படியில அவ செருப்புச் சத்தம் கேட்டதும் இவன் தலையச் சீவுனது, எல்லாம் முன்னறையில வந்து நின்னுச்சு.

"அப்ப இந்த ஃபிரேமக் கழட்டிரவா?"

"வேணாம். இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு. கடைசி வரி மட்டும் இல்ல." பெல்சி பைக்குள்ள கைய விட்டு ஒரு பேனாவ எடுத்து நீட்டுனா. ஊதா. "நீங்களே எழுதிக் குடுங்க."

அருள் பிரகாஷ் ஃபிரேம எறக்குனான். பின்னாடி அட்டையப் பிரிச்சு தாள வெளிய எடுத்தான். முப்பத்தொம்பது வயசு போயி இருபத்து மூணு வந்து உக்காந்துச்சு. ரெண்டு புள்ளிக்கு நேரா பேனாவ வச்சான்.

"என்ன எழுதணும்? சொல்லு."

பெல்சி ஜன்னலுக்கு வெளிய பாத்தா. மேல பாத்தா. ஒரு பெருமூச்சு விட்டா. அவன் அந்த முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தான். அன்னைக்கி 'நாளைக்கும் வருவீகளா?'ன்னு எழுதுனதுக்கு இப்பத்தான் எழுத்துல பதில் வரப் போகுதுன்னு நெனச்சான்.

"எழுதுங்க," ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்திச் சொன்னா. "மாடித் தண்ணித் தொட்டியக் கழுவ வேண்டியது அருள் பிரகாஷ். இன்னைக்கே."

எழுதுனான். அச்சு மாதிரி எழுதுனான்.

பின்ன என்ன செய்ய? டிராக்கர மூடிட்டானே, பெல்சி மட்டும் வேற எங்குட்டுப் போயி சொல்லுவா? தொட்டிக்குள்ள இடுப்பளவு நின்னு பாசியச் சொரண்டயில அவனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்துச்சு, அத உங்ககிட்டக் கேக்கச் சொன்னான்: நீங்க நெட்டுல போடுறதுக்கெல்லாம் தவறாம லைக் போடுற, மொகம் தெரியாத அந்த வெளிநாட்டுக்காரரு இருக்காருல்ல, அவரு லைக் போட்ட அன்னைக்கி உங்க வீட்டுல யாரு ஒட்டடை அடிச்சா?